றொக்கெட் ஒட்டாமல் அனுப்பிய படம்

1.
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு ஹிமாயா கொண்டுவந்து என் தலையில் போட்டாள். 

‘சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து விண்வெளிக்குப் புறப்பட்ட’ என்று தொடங்கி... சீ, பொய். விஞ்ஞான ரீச்சர் ஹிமாயா செய்த காகித மட்டை றொக்கெட் தென்னை உயரம் போய்க் கடலில் விழுந்தது. அவ்வளவுதான்.

2.
அது விண்வெளியில் பறப்பதாக வகுப்புக்குக் காட்ட, போனில் படம் செய்தாள். கடல் படத்தின் வானத்தை வெட்டிவிட்டு இருட்டையும் மெல்லிய பிறையையும் வைத்தாள். றொக்கெட்டை இன்னும் ஒட்டவில்லை. “உம்மா, பாருங்க” என்று மட்டும் எழுதி, தாய் நபீஸா றாத்தாவுக்கு அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனாள்.

(நோன்பு மாதம் முடியும் நேரம், நாளை பெருநாளா என்று ஊரே பிறை தேடும் அந்தியில் இப்படி ஒருத்தி அனுப்புவாளா? நம்பமாட்டீர்கள் என்று இந்த இடத்தை அடித்தேன். நடந்தது அதுதான், திரும்ப எழுதியிருக்கிறேன்.)

குளித்து வந்தால், படம் தெரு முழுக்கப் போய்விட்டது. பெருநாள் தக்பீர் முழக்கம் கேட்கிறது. வானொலியில் பிறை தென்படவில்லை என்கிறார்கள். “என்ட மகள் கண்ணால கண்டு எடுத்த படம்” என்று றாத்தா எல்லாரிடமும் சொல்கிறார். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் ஹிமாயாவுக்கு வாய் வரவில்லை. விடிந்ததும் தெருவே பெருநாள் என்று நோன்பை விட்டது.

3.
அட, நமக்குக் கடல் கிழக்கே! பிறை மேற்கே, மாவடிப்பள்ளி வயல் பக்கமல்லவா தெரியும்? கடலுக்கு மேலே எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை. றாத்தாவின் பெருநாள் வட்டிலப்பம் நன்றாகவே இருந்தது.

4.
ஹிமாயா என்னிடம் வந்து சொன்னாள்: “உம்மாட முகத்தப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலா, சாச்சி. நீங்க கதையா எழுதுங்க. உங்கட கதைய உம்மா விடாம வாசிப்பா.”

முடிவு ஒன்று: உம்மா சிரித்துவிடுகிறார். (என் ஆசை.)
முடிவு இரண்டு: தெரு கூடி ஹிமாயாவை... (கை வரவில்லை.)

மகளின் பெயரை மாற்றிவிட்டேன். உங்கள் பெயரை மாற்றவில்லை, நபீஸா றாத்தா. விட்ட அந்த ஒரு நோன்பை நாம் திரும்பப் பிடித்துக் களாச் செய்தாக வேண்டும். தெரியாமலே உங்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. அவள் குசினியில்தான் நிற்கிறாள், நீங்கள் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு. கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு எழுத எனக்குத் தெரியாது.