சரிவில் இறங்கிய கறுப்பு மண்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு சாப்பாட்டு மேசைச் சண்டையில் பிறந்தது. "மலையெங்கும் செம்மண்" என்று நான் எழுதிய வரியை அக்கா சத்தமாகப் படித்துவிட்டு, "எந்த மலைடா? எவ்வளவு உயரத்துல? மழை விழுற பக்கமா, விழாத பக்கமா?" என்று பிடித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு மண் ஆய்வுத் துறையில் வேலை. மலையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரைப் பார்த்து, எங்கே என்ன மண் என்று வரைபடம் போடுகிறவள்.

"அப்போ நீயே ஒரு கதை சொல்லு" என்றேன். சொன்னாள். மாட்டிக்கொண்டது நான்தான்.

2

தொடக்கம் ஒன்று: மலை அவளை மௌனமாக அழைத்தது, அவளும்

(அடித்துவிட்டேன். மலை யாரையும் அழைக்காது. அவளை அழைத்தது ஆபீஸ் ஜீப்பின் ஹாரன்.)

தொடக்கம் இரண்டு: அடிவாரத்தில் வெப்பமும் மழையும் சேர்ந்து மண்ணைக் கழுவிக் கழுவி, கடைசியில் இரும்புத் துருதான் மிஞ்சும், மண் சிவந்து கிடக்கும். ஏற ஏறக் குளிர் கூடும். குளிரில் உதிர்ந்த இலை லேசில் மக்காது. வருஷக்கணக்கில் சேர்ந்து மண் கறுக்கும். மழை எட்டாத மறுபக்கம் சுண்ணாம்பு படிந்து வெளிறியிருக்கும். உச்சியில் காற்று விட்டுவைத்த கொஞ்சம் மண், மிச்சமெல்லாம் கல்.

(பாடப் புத்தக வாசனை அடிக்கிறது என்கிறீர்களா? பொறுத்துக்கொள்ளுங்கள். சண்டையே இதில்தான்.)

3

அக்காவின் மேசைமேல் படம் விரிந்திருக்கிறது. அவள் பேர் போட்டு அச்சாகப்போகும் முதல் படம். கீழே சிவப்பு, நடுவில் பழுப்பு, மேலே கறுப்பு, உயரத்தை ஒட்டிப் பட்டை பட்டையாக. ஓரிடத்தில் மட்டும் கறுப்பு, நாக்கை நீட்டிய மாதிரி பழுப்புக்குள் இறங்கியிருக்கிறது.

தலைமை ஆய்வாளர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"என்னம்மா இது? இந்த உயரத்துல கறுப்பு எப்படி வரும்?"

"அது ஒரு பள்ளம் சார். மேகம் வந்து உட்கார்ந்தா எழுந்திரிக்காது. வெயிலே படாது. உயரம்தான் நடு மலை, குளிர் உச்சி மலைக் குளிர்."

"கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிறம் பார்த்தியா?"

(சின்ன விளக்கம். மண்ணை ஈரமாக்கி, நல்ல வெளிச்சத்தில், நிற அட்டையோடு ஒட்டிப் பார்ப்பார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்தால் மலையே நிறம் மாறிவிடும். ஆகவே அந்தக் கேள்வி, சமையல்காரரிடம் அடுப்பைப் பற்றவைத்தீர்களா என்று கேட்பது மாதிரி.)

அக்காவின் கண்கள் கலங்

(இதைப் படித்தவள் என் பேனாவைப் பிடுங்கி அடித்தாள். "நான் எதுக்குடா அழணும்? எனக்கு வந்தது கோபம்.")

"ஒரே ஒரு குழியை நம்பி எல்லைக் கோட்டை வளைக்க முடியாதும்மா. அதை விட்டுட்டு நேரா போட்டுக் கொடு, அச்சுக்கு அனுப்பிடலாம்" என்றார் அவர். கெட்டவர் இல்லை. தப்பான கோடு அச்சேறினால் அதை நம்பிக் கன்று நடுகிறவர்கள் கஷ்டப்படுவார்கள் என்ற பயம் அவருக்கு நிஜமாகவே உண்டு.

"நேரா போடுறதுன்னா என் பேரை எடுத்துடுங்க சார். இல்லைன்னா வாங்க, அதே பள்ளத்துல நீங்க ஒரு குழி வெட்டுங்க. பழுப்பு வந்தா நானே கோட்டை அழிக்கிறேன்."

அக்கா சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் புல்லரித்தது. என் அக்கா!

4

அவரும் வந்தார், மூட்டு வலியோடு. ஏற்றத்தில் நின்று நின்று மூச்சு வாங்கினார்.

வெட்டிய குழியை மூடும்போது அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலேயும், அடுக்கு மாறாமல் போடுவது அவர்கள் வழக்கம். பள்ளத்தில் அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உன் குழி எங்கேம்மா?"

"அது மேலதான் சார் நிக்கிறீங்க."

குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டாம். அக்கா இதைச் சொல்லும்போது கழுத்து ஒரு விரல்கடை உயர்ந்தது.

பிறகு கொஞ்சம் தள்ளி அவரே இடம் குறித்தார். மேல்மண் எங்கேயுமே கொஞ்சம் கறுப்புதான். முழங்கால் ஆழத்திலும் அந்தக் கறுப்பு தொடர்ந்தால்தான் அக்கா சொன்னது சரி. மண்வெட்டி இறங்கியது. சருகு. வேர். முழங்கால் ஆழத்தில்

5

முடிவு ஒன்று: கறுப்பு. சார் கைகொடுக்கிறார். (சர்க்கரை ஜாஸ்தி.)

முடிவு இரண்டு: பழுப்பு. அக்கா தலைகுனிந்து நிற்கிறாள். (குனிய மாட்டாள். எனக்கே தெரியும்.)

இரண்டையும் அக்காவிடம் கொடுத்தேன். துணி மடித்துக்கொண்டே படித்தாள்.

"எதை வேணா வெச்சுக்கோ."

"என்னக்கா, இவ்வளவு அலட்சியமா சொல்ற?"

"கறுப்புன்னா என் கோடு நிக்கும். பழுப்புன்னா நானே அழிச்சு நேரா போடுவேன். ரெண்டுலயும் படம் சரியாத்தானே இருக்கு? நீதான் நான் ஜெயிக்கிறேனா, தோக்குறேனான்னே பார்த்துட்டு இருக்க."

இத்தனை பக்கம் அவளைப் பற்றி எழுதியும், அவள் எதில் கர்வப்படுகிறாள் என்று அதுவரை எனக்குத் தெரியவில்லை.

குழியில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். கறுப்பா பழுப்பா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எதைச் செய்தாலும், படத்தின் ஓரத்தில் இருக்கும் அவள் பேரில் மட்டும் கைவைக்காதீர்கள்.