ஈ அடித்த மணி

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமனார் ஆளைக் கூப்பிட, மெல்ல அழுத்தினாலே அடிக்கிற மணி ஒன்றை நானே செய்தேன். நுண்விசை அளக்கும் ஆய்வகத்தில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதுகூடவா வராது? அவர் விரலின் பலம் ஆயிரம் டைன், ஒரு கிராம் எடை அளவுதான். பொத்தானுக்கு அதை மைக்ரோநியூட்டனில் சொல்ல வேண்டும். பத்தால் பெருக்குவதற்குப் பதில் வகுத்து, நூறு என்று வைத்துத் தொலைத்தேன். ஈ உட்கார்ந்தாலே போதும்.

உட்கார்ந்தது. ஒரே காலையில் முப்பது தடவை. அத்தை ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

“என்னங்க வேணும்?”

பேச்சு வராத மாமா சிரித்தார்.

“மாப்பிள்ளை, ஊர்ல உள்ள ஈக்கெல்லாம் என்னை வேலைக்காரியா வச்சுட்டீங்களே!”

“கணக்குத் தப்பு அத்தை. இப்பவே மாத்திடறேன்” என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

மாமா சரியாக அசையாத கையை எப்படியோ இழுத்துப் பொத்தான்மேல் போட்டுக்கொண்டார். மணி விடாமல் அலறியது. அவர் கண் அத்தையை விட்டு நகரவில்லை.

“அட, இதுக்குத்தானா?”

அத்தை நாற்காலியையும் காய்க்கூடையையும் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“கையை எடுங்க. இங்கதான் இருக்கேன்.”

கை மெதுவாக விலகியது.