எண்ணெய் விட்ட துப்பாக்கி

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி பூட்டிக் கிடந்த வாரம், பெத்தணன் சிவகாசியிலிருந்து தங்கச்சி செல்லத்தாய் ஊருக்குப் போனான். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில், வைப்பாற்றை ஒட்டிய மானாவாரி ஊர். ஐம்பத்தொன்பதாம் வருசம். தங்கச்சி காட்டில் நிலக்கடலை விளைந்து நின்றது. அதில் பாதியைக் காட்டுப்பன்றிகள் கிண்டிப் போட்டிருந்தன.

துப்பாக்கி இல்லாமல் இல்லை. அவள் புருசன் உக்கிரபாண்டியிடம் அப்பன் காலத்து லைசென்ஸ் ரைபிள் உண்டு. விசைதான் கல்லாய்க் கிடந்தது. அதை இழுத்து முடிப்பதற்குள் குழல் எங்கேயோ விலகிப் போகும். போன வேட்டையில் பன்றி நேரெதிரே நின்றும் குண்டு உடைமரத்தில் போய்ப் பதிந்தது. உக்கிரபாண்டியின் சித்தப்பா மகன் காளிராஜ் அதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்தான். அவர்களுக்குள் வரப்புத் தகராறு வேறு ஓடிக்கொண்டிருந்தது.

“இதை இழுக்க ஒரு சோடி மாடு பூட்டணும் மச்சான்” என்றான் உக்கிரபாண்டி.

“இங்கன கொண்டா, பாப்போம்” என்றான் பெத்தணன்.

பெத்தணனுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. அங்கே இரும்பு உள்ளே வரக்கூடாது, செருப்பு வரக்கூடாது. தரையில் ஒரு பொட்டு மணல் கிடந்தாலும் கூட்டி எடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். எது எதோடு உரசினாலும் எமன். பக்கத்து அறை எரிந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அந்தப் பயம் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. கதவுக் குடுமி, கிணற்று உருளை, வண்டி அச்சு, எது கீச்சென்றாலும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

ரைபிளைப் பிரித்தபோதும் அவன் கண்ணில் பட்டது உரசல் மட்டும்தான். இரண்டு இரும்புத் துண்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றன. பழைய பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவினான். கவ்வும் முகங்களைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். அச்சாபீஸ் மெஷினுக்கு விடுகிற தண்ணீர் போன்ற எண்ணெயை அதில் விட்டான்.

“அண்ணே, அதுக்கும் தலைமுழுக்காட்டுறீகளா?” என்று சிரித்தாள் செல்லத்தாய்.

“சிரி தாயி. உரசல் போச்சுன்னா ஆபத்தும் போச்சு.”

வெறும் துப்பாக்கியை வைத்து உக்கிரபாண்டி விசையைத் தொட்டான். டக். முகமெல்லாம் பல்லானான். “என்ன மச்சான் இது! நெனச்சாலே சுடும் போலயே!”

மறுநாள் மதியம் ஊரே கம்பும் தகரமுமாகப் பன்றி வேட்டைக்குக் கிளம்பியது. காளிராஜ் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். “அண்ணே, நீங்க தகரத்த தட்டுங்க. துப்பாக்கிய நான் பிடிக்கேன். மரமாவது தப்பிக்கட்டும்.”

“இன்னிக்கு விளுறது பன்னியா நீயான்னு பாப்பம்லே” என்றான் உக்கிரபாண்டி. அதற்கும் சிரிப்புதான்.

ஓடைக்குள் பன்றியின் தடம் தெரிந்தது. காளிராஜ் முன்னே இறங்கிப் போனான். உக்கிரபாண்டி குண்டு போட்ட ரைபிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கரையிலிருந்து குதித்தான். கால் தரையில் பட்டதும் வெடித்தது. காளிராஜ் குப்புற விழுந்தான். திருப்பிப் போட்டபோது உயிர் இல்லை.

சாத்தூரிலிருந்து ஜீப்பில் எஸ்.ஐ. வந்து ரைபிளை வாங்கி வைத்துக்கொண்டார். உக்கிரபாண்டியை வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். வேட்டைக்குக் கிளம்பும்போது அவன் சொன்ன சொல்லை ஆளுக்கு ஆள் எஸ்.ஐ.யிடம் ஒப்பித்தார்கள்.

“விரலு அதுல இல்லய்யா. சாமி சத்தியமா இல்ல” என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“விரல் வைக்காம துப்பாக்கி சுடுமாலே?” என்றார் எஸ்.ஐ.

செல்லத்தாய் அண்ணன் கையைப் பிடித்தாள். “அவுகளத் தூக்குல போட்ருவாகண்ணே. ஏதாச்சும் சொல்லுங்கண்ணே.”

பெத்தணனுக்கு ஓடையிலேயே புரிந்துவிட்டது. அந்த இரண்டு இரும்பையும் பிடித்து நிறுத்தி வைத்திருந்ததே உரசல்தான். அவன் அதை எடுத்துவிட்டான். குதித்த அதிர்விலேயே கவ்வல் வழுக்கிவிட்டது. வாயைத் திறந்தால் கேஸ் அவன் மேல் திரும்பும். கேஸ் உள்ள ஆளை எந்தக் கம்பெனியும் மருந்தறைக்குள் விடாது. அவனுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. உக்கிரபாண்டி தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தான்.

“அய்யா, குண்டு போடாம, மேல இருக்க அந்த போல்ட்டுப் பிடிய இளுத்து விடுங்க. அடிக்கட்டையத் தரையில ஒரு தட்டுத் தட்டுங்க.”

எஸ்.ஐ. தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் ஒருவன் “த்தூ” என்றான்.

“இன்னும் ஒரு தட்டு, அய்யா.”

டக்.

எஸ்.ஐ. போல்ட்டை இழுத்துவிட்டு மறுபடி தட்டினார். டக்.

“யாருய்யா இதை இப்படிப் பண்ணது?”

“நாந்தான்யா. எண்ணெய் போட்டேன். தேய்ச்சேன். மாப்ள மேல குத்தம் இல்ல.”

எஸ்.ஐ. இரண்டு பேரையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். செல்லத்தாய் புருசன் பின்னாலேயே ஓடினாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

ஜீப்புக்குப் போகிற வழியில்தான் காளிராஜைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவன் பெண்டாட்டி ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். பெத்தணன் நின்றான்.

“அந்த ஆளு வேணும்னு சுட்டிருந்தா, அவன் குடும்பம் வெளங்காதுன்னு மண்ண வாரித் தூத்தலாம்னு இருந்தேன்” என்றாள். “இப்ப நான் யார வைய?”

“என்னைய வையி தாயி.”

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். வையவில்லை. புருசன் முகத்தில் மொய்த்த ஈயை முந்தானையால் விரட்ட ஆரம்பித்தாள். போலீஸ்காரர் வந்து தோளைப் பிடித்துத் தள்ளும்வரை பெத்தணன் அங்கேயே நின்றான்.