சாக்ஸஃபோனுக்குப் பிளக் கிடையாது

“மாமா வாசிச்சா நான் மேடை ஏற மாட்டேம்மா. வேணும்னா எழுதி வச்சுக்கோ!”

“ஏன்டி தொண்டையைக் கிழிக்கிற? கடையில ஆள் உக்காந்திருக்காங்க!”

“கிழிக்கிறது நீ. சார், இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா?”

கடைசிக் கேள்வி எதிர்வீட்டு வாத்தியாருக்கு. கண் பார்க்கும் இயந்திரத்துக்குள் மூக்கு வரை மாட்டிக்கொண்டிருந்ததால் தலையைத் திருப்ப வழியில்லை. காதுக்கு அந்தத் தடை கிடையாது. இந்தக் கதை தெரு முழுக்கப் பரவியதற்கு அந்த இரண்டு காதுகள்தான் பொறுப்பு. நம்மைக் குறை சொல்லி ஆவதொன்றும் இல்லை.

“ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு” என்றார் வாத்தியார், பரிசோதனை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்ற கவலையில்.

கடை அம்மாவுடையது. தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். மகள் கண் பார்ப்பாள், அக்கா ஃபிரேம் மாட்டிவிடுவாள், அவள் வீட்டுக்காரர் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார். எங்கே குரல் உயர்ந்தாலும் மனுஷன் உடனே மெஷினைப் போட்டுவிடுவார். அன்று காலையிலிருந்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தேய்க்கத்தான் லென்ஸ் எதுவும் இல்லை.

சண்டை, மகளின் கல்யாண வரவேற்புக்குப் பாட்டு யார் என்பது பற்றி. மகளுக்கு டி.ஜே. வேண்டும். அக்காவின் தம்பிக்கோ தானே வாசிக்க வேண்டும். தம்பி லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த வயதில் திடீரென்று ஒரு சாக்ஸஃபோனுடன் வந்து நின்றார். அவர் ஊதினால் ஸ்வரம் மேலே கிளம்பும். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நின்றுவிடும். கேட்கிறவர்கள் உள்ளேயிருந்து கதவைத் தட்ட வேண்டியதுதான்.

நேரே சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தவள். கடையை இந்தத் தெருவுக்கு மாற்றிய அன்று தம்பி வாசலில் நின்று வாசித்தார். மூன்றாவது பாட்டில் அக்கா பொறுக்க முடியாமல், “போதும்டா, வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் ஓடிடப் போறாங்க” என்றாள், எல்லார் முன்னாலும். தம்பி பெட்டியை மூடினார், போனார். இரண்டு வருஷம் பேச்சில்லை. திரும்பக் கொண்டுவந்தது பாசமா என்றால், இல்லை, மூக்கு. கண்ணாடி உடைந்து ஊரெல்லாம் கடை ஏறி இறங்கினார். அந்த மூக்கில் ஃபிரேமை நிற்க வைக்கத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். வந்தார், உட்கார்ந்தார், “இறுக்குதுக்கா” என்றார். அவர் போன பிறகு அவள் பின்னறையில் நின்று அழுததை வாத்தியார் பார்க்கவில்லை. வாத்தியார் வீட்டம்மா பார்த்தாள்.

ஆகவே இன்னொரு “போதும்” சொன்னால் தம்பி போனவர் போனவர்தான். சொல்லாவிட்டால் மகள் மேடை ஏற மாட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இதுவோ தாளம் தெரியாதவன் அடிக்கிற இடி.

சரி, முதலில் ஆளைப் பிடிப்போம் என்று அக்கா தேட ஆரம்பித்தாள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவன், கல்யாணத்துக்குப் பாட்டுக்காரனைப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டான். முதலில் ஒரு மெல்லிசைக் குழு வந்தது. ஐந்து பேரும் கடையிலிருந்த கூலிங் கிளாஸ் அத்தனையும் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் நின்று, கழற்றி, விரல் ரேகையோடு வைத்தார்கள். பாடகருக்குச் சோகப் பாட்டுதான் குரலுக்குப் பொருந்துமாம்.

“சந்தோஷப் பாட்டே பாட மாட்டீங்களா?”

“பாடுவேம்மா. ஆனா கேக்குறவங்க அழுதுடுவாங்க.”

அடுத்து ஒரு டி.ஜே., போனில் மாதிரி போட்டுக் காட்டினான். பாட்டுக்கு நடுவே நிமிஷத்துக்கொரு தரம் ஒரு பெண் குரல் அவன் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டது. “இது யார் கல்யாணம்டா, உனக்கா என் பொண்ணுக்கா?” என்று அனுப்பிவிட்டாள். இன்னொருவன் முன்பணத்தைப் பற்றி மட்டும் பேசினான். பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் வரும்மா” என்றான்.

கடைசியில் வந்தவன் கழுத்தில் ஹெட்ஃபோனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒல்லியாக நின்றான். மற்றவர்களெல்லாம் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். இவன், “எந்தப் பாட்டு வரவே கூடாது, சொல்லுங்க ஆன்ட்டி” என்றான். அக்காவுக்கு நாற்காலியில் சரிந்து உட்காரத் தோன்றியது. கேட்டுத்தான் பார்ப்போமே என்று தம்பி விஷயத்தை முழுக்கக் கொட்டினாள்.

“இதுக்கா கவலை? டி.ஜே. பாட்டு மேல சாக்ஸஃபோன் வாசிக்கிறது இப்ப ஃபேஷன் ஆன்ட்டி. நான் போடுறேன், அவர் கூட வாசிக்கட்டும்.”

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. மேஜைக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அவருக்கு மைக் வைக்காதேப்பா. அவர் சாக்ஸஃபோனை வாயில வச்சதும் நீ சத்தத்தை ஏத்திடு. அவர் வாசிச்சது அவருக்கே கேக்கக் கூடாது.”

“பாவம் ஆன்ட்டி.”

“பாவம் நான்டா.”

மகளிடம், “மாமா சும்மா நிப்பார், ஒரு சத்தம்கூட உன் காதுல விழாது” என்றாள். தம்பியிடம், “டி.ஜே.யே உன்னைத்தான்டா கேட்டான்” என்றாள். மகள் சிரித்தாள், தம்பி புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தார், பின்னறையில் மெஷின் நின்றது.

மண்டபத்தைத்தான் மறந்துவிட்டாள். மண்டபத்து மேனேஜர் ஒரு இளம் பெண். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் சிரிப்பே கிடையாது. இடம் பார்க்கப் போன அன்றே சுவரில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டி, “பின்னாடி ஆஸ்பத்திரி. சத்தம் கூடினா இதுல சிவப்பு எரியும். விடாம எரிஞ்சா மேடைக்குக் கரண்ட் தானா நின்னுடும். அரை மணி நேரத்துக்கு நானே நெனச்சாலும் வராது” என்று சொல்லியிருந்தாள். அக்கா அப்போது அந்தப் பெண்ணின் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் புத்தி.

வரவேற்பன்று மண்டபம் நிறைந்தது. ஒல்லிப் பையன் நன்றாகத்தான் போட்டான். மகள் மேடையில் மாப்பிள்ளையோடு ஆடினாள். தம்பி புதுக் கோட்டில் எழுந்து சாக்ஸஃபோனை வாயில் வைத்தார். பையன் சொன்ன சொல் தவறாமல் சத்தத்தை ஏற்றினான். தம்பிக்குத் தன் வாசிப்பு கேட்கவில்லை. கன்னம் புடைக்க ஊதினார். அவன் இன்னும் ஏற்றினான். தம்பி எங்கே நின்றால் தன் சத்தம் தனக்குக் கேட்கும் என்று மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு மூலையில் சுவர் எதிரொலிக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே நிலைகொண்டார். தலைக்கு மேலே சுவர்ப் பெட்டி சிவந்தது.

மேனேஜர் பெண் வாசலிலிருந்து இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடி வந்தாள். பையன் சிரித்து அவனும் இரண்டு கைகளையும் வீசினான்.

மேடை இருண்டது. பாட்டு பாதியில் செத்தது. இத்தனை பெரிய மண்டபத்தில் மிச்சமிருந்தது சாக்ஸஃபோன் ஒன்றுதான். அதற்குப் பிளக் கிடையாதே.

“கை காட்டினேன்ல?” என்றாள் மேனேஜர்.

“நீங்க ஆடுறீங்கன்னு நெனச்சேன்!”

“எதுக்கு அவ்வளவு சத்தம்?”

பையனுக்குக் காது இன்னும் அடைத்திருந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினான்: “கண்ணாடிக்கடை ஆன்ட்டிதான் ஏத்தச் சொன்னாங்க! அவங்க தம்பி வாசிக்கிறது யாருக்கும் கேக்கக் கூடாதாம்!”

ஸ்வரம் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. தம்பி அக்காவைப் பார்த்தார். கடை வாசலில் பார்த்த அதே பார்வை. குனிந்து சாக்ஸஃபோன் பெட்டியைத் திறந்தார்.

அக்கா நடந்தாள். மண்டபமே அவளைப் பார்த்தது. ஒரு பொய் சொல்லலாம், இன்னும் ஒன்று கைவசம் இருந்தது. ஆனால் இத்தனை நாளாக ஒருத்தருக்கொன்றாகப் பொய் சொல்லி அவளுக்கு நாக்கே சலித்துப்போயிருந்தது.

“ஆமாடா. நான்தான் சொன்னேன். நீ வாசிக்கிறது சகிக்கல. அதைச் சொன்னா நீ போயிடுவ. அதனாலதான் இத்தனை கூத்தும். இப்ப போறியா? போ. அப்புறம் கண்ணாடி சாஞ்சா எவகிட்டப் போய் நிப்பன்னு நானும் பாக்குறேன்!”

தம்பி பெட்டியின் மேல் கை வைத்தபடி இருந்தார். “அவ்வளவு மோசமாவாக்கா இருக்கு?”

“மோசம்தான்.”

“லிஃப்டுன்னா கோளாறு எங்கன்னு சத்தத்தைக் கேட்ட உடனே சொல்லிடுவேன். இது பிடிபடலக்கா.”

“சரி, அதுக்கு இப்ப என்ன? கரண்ட் வர அரை மணி ஆகுமாம். இத்தனை பேர் என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. உனக்கு எத்தனை பாட்டு முழுசாத் தெரியும்?”

“ரெண்டு.”

“ரெண்டையும் வாசிச்சுத் தொலை.”

தொலைத்தார். திருப்பித் திருப்பித் தொலைத்தார். மகள் மேடையை விட்டு இறங்கி, தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை உற்சாகமாகக் கை தட்ட ஆரம்பித்தான், அதுவும் தாளம் தப்பி. தப்பியது மாமா தப்பிய இடத்திலேயே. மகள் இவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், “அம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே தாளம்மா, என் தலையெழுத்து” என்று சிரித்துக்கொண்டே மறுபடி மேடை ஏறினாள். பையனும் மேனேஜரும் கரண்ட் திரும்பி வந்த பிறகும் சுவர்ப் பெட்டியடியில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் இப்போது வேறு ஊரில். பையன் அந்த மேனேஜரையே கட்டிக்கொண்டான். சண்டை இன்னும் முடியவில்லை என்று கேள்வி. அவள் கண்ணாடியை அக்கா நிமிர்த்திக் கொடுத்தாள். தம்பி உயரமான கட்டடங்கள் நிறைந்த ஒரு ஊருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஞாயிறானால் போன் வரும். அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு ஃபிரேமுக்குத் திருகு முடுக்குவாள். பின்னறையில் மெஷின் ஓட ஆரம்பிக்கும். இரண்டாவது பாட்டில், “போதும்டா” என்பாள். வாசிப்பு நிற்கும். அடுத்த ஞாயிறு மறுபடி போன் வரும்.