கரண்ட்டுக்காரர் வீட்டு பல்பு

புயல் வந்தது, போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் வந்த இருட்டு இருக்கிறதே, அது விருந்தாளி மாதிரி நுழைந்து வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்துவிட்டது. முதல் இரண்டு நாள் தெரு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தது. டிவி இல்லாத குறைக்கு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையே சிலர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். வாரம் ஒன்று தாண்டியதும் அந்தச் சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. மொட்டைமாடித் தொட்டிகள் காய்ந்தன. ஃப்ரிட்ஜைத் திறந்தால் குடலைப் புரட்டியது. கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. யாரையாவது பிடித்துத் திட்டினால் தேவலை என்று எல்லோருக்கும் இருந்தது. புயலைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அதற்குக் காதா இருக்கிறது? கரண்ட்டம்மாவுக்கு இரண்டு காது இருந்தது.

கரண்ட்டம்மா என்பது தெரு வைத்த பெயர். அவள் புருஷன் லைன்மேன். நல்ல நாளிலேயே யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் இவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இப்போது சும்மா விடுவார்களா? தண்ணீர் லாரியில் குடத்தை வைத்தால் ஒருத்தி ஆரம்பிப்பாள், உங்க வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் விளக்கு ஏத்துறாராமே, சொந்தத் தெரு மட்டும் கண்ணுக்குத் தெரியலையா என்று. இன்னொருத்தி, உங்களுக்கு மட்டும் எப்ப வரும்னு ரகசியமா சொல்லியிருப்பாரே என்பாள். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் தண்ணீர் இறைக்கும் நிலையம், அப்புறம் பெரிய லைன்கள், கடைசியில்தான் இந்த மாதிரிச் சின்னத் தெருக்கள் என்று அவளும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்றதும் ஒரு நிமிஷம் வாயை மூடுவார்கள். மறுநாள் அதே பல்லவி.

உள்ளதைச் சொன்னால், அவளுக்கும் அவர் மேல் கோபம் வராமல் இல்லை. புயல் கரையைக் கடந்த காலையில் கிளம்பிப் போனவர், துணி மாற்றிக்கொள்ள இரண்டு தடவை தலையைக் காட்டியதோடு சரி. ஆபீஸ் மேஜை மேல் படுத்துக்கொள்கிறாராம். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், பார்க்கவே சகிக்கவில்லை. வீட்டில் மாமியாருக்கு மூச்சிரைப்பு. புழுக்கம் ஏற ஏற அந்த அம்மாளுக்கு நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறி விசிறி இவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஊரெல்லாம் ஃபேன் சுற்றுகிறது, லைன்மேனைப் பெற்ற தாய்க்கு அட்டை விசிறி. நினைத்தால் வயிறு எரிந்தது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மற்ற வீடுகளில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியைத் தேடுவார்கள். இங்கே முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். புது மருமகளாக வந்த நாளில் அவளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவர்தான் ஒரு நாள் உட்கார வைத்துச் சொன்னார். அவரோடு வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர், செத்த லைன் என்று நம்பிக் கம்பியைத் தொட்டார். யாரோ ஒரு வீட்டில் மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை மாட்டியிருந்தார்கள். அவரைக் கம்பத்திலிருந்து இறக்கும்போது உயிர் இல்லை.

"கரண்ட் வெளியிலேருந்து உள்ள வரும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. உள்ளேருந்து வெளியேயும் போகும்" என்றார் அவர். அன்றிலிருந்து மெயினை இறக்குவது அவளுக்கு அடுப்பை அணைப்பது மாதிரி ஆகிவிட்டது. கை தானாகப் போகும்.

அப்படிப்பட்டவள்தான் இந்தத் தடவை அதை மேலே தூக்கிவிட்டாள். தெருக்காரர்கள் சாயங்காலமானால் அவள் வீட்டு வாசல் பல்பைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கரண்ட் வந்தால் கரண்ட்டுக்காரர் வீட்டில் முதலில் எரியும் என்று ஒரு நம்பிக்கை. மெயின் இறங்கிக் கிடப்பதை எவளோ ஒருத்தி பார்த்துவிட்டு, ஓகோ, வந்தாலும் நமக்குத் தெரியக்கூடாதுன்னு மூடி வச்சிருக்காங்களா என்று கிளப்பிவிட்டாள். கேட்டவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. இந்தாங்கடி, நல்லாப் பாருங்க என்று எல்லோருக்கும் முன்னால் மெயினைத் தூக்கி, வாசல் பல்பின் சுவிட்சையும் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் அதை மறந்தும் போனாள்.

பக்கத்து வீடு தையல்காரர் வீடு. பள்ளிக்கூடத்துச் சீருடைகளை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று வாடகை ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அது காலையிலிருந்து சாயங்காலம் வரை தெருவையே உலுக்கிக்கொண்டு ஓடும். தண்ணீர் லாரியில் நடந்த ஒரு வாய்த்தகராறில் அவரும் கரண்ட்டம்மாவை ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லியிருந்தார். நல்ல மனுஷன். சொன்னது அவருக்கே உறுத்திக்கொண்டிருந்தது போல.

அன்று காலை லாரி டிரைவர் சேதி கொண்டுவந்தார். லைன்மேன் சொல்லி அனுப்பியது: இன்றைக்கு மத்தியானம் நம்ம தெருமுனைக்கு வருகிறோம், மரம் விழுந்து அறுந்த கம்பியைக் கட்டிவிட்டால் ராத்திரிக்குள் வெளிச்சம். அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. உடனே போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வரலாமா என்று இருந்தது. வேண்டாம், வந்த பிறகு பார்க்கட்டும் என்று வீறாப்பாக இருந்துவிட்டாள்.

மத்தியானம் தெருமுனைக்கு மறுகோடியில் குழாயில் தண்ணீர் வருவதாகச் சொன்னார்கள். இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்று, இடித்துக்கொண்டு, பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது தூரத்திலேயே கண்ணில் பட்டது. வாசல் பல்பு எரிகிறது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு நின்று அழுதாள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டாரே மனுஷன் என்று பெருமையாக இருந்தது. இனி எவளாவது வாயைத் திறக்கட்டும். உள்ளே ஃபேன் சத்தம் கேட்டது. மாமியார் கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, முகத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

தையல்காரத் தம்பிக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்றார் மாமியார். வந்து மன்னிப்புக் கேட்டானாம். ஃபேன் வரைக்கும் ஒயர் எட்டாது என்று, ரெண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் ஒன்றை ஜெனரேட்டரிலிருந்து கொண்டுவந்து, வாசல் பக்கத்துப் பிளக் பாயின்ட்டில் சொருகினானாம். ஒரே சொருகு, வீடு முழுக்க வந்துவிட்டதாம்.

குடம் எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. வாசலுக்கு ஓடினாள். எதிர் வீடு வாத்தியார் வீடு. புயலுக்கு முன்பே மகன் ஊருக்குப் போனவர்கள், கதவில் பூட்டுத் தொங்குகிறது. அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் ஒரு பல்பு, போகும்போது அணைக்க மறந்த பல்பு, பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு யாரும் ஒயர் கொடுக்கவில்லை. அப்படியானால் ஜெனரேட்டர் கரண்ட் இவள் வீட்டுக்குள் வந்து, இவள் தூக்கிவிட்ட மெயின் வழியாக வெளியே போய், தெருக் கம்பியில் ஏறி, எதிர் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. அந்தக் கம்பியின் மறு நுனி தெருமுனையில், விழுந்த மரத்துக்குப் பக்கத்தில். அங்கே இப்போது அவர்.

மெயினை அடித்து இறக்கினாள். எதிர் வீட்டு பல்பு செத்தது. ஒயரையும் பிடுங்கித் திண்ணையில் எறிந்தாள். என்ன அக்கா, என்ன ஆச்சு என்று தையல்காரர் ஓடிவந்தது காதில் விழுந்தது, நின்று பதில் சொல்லவில்லை. செருப்பு ஒரு பக்கம் போக, சேற்றிலும் ஒடிந்த கிளையிலும் கால் வைத்து ஓடினாள். ஐயோ, நான் தூக்கினேன், நான்தான் தூக்கினேன் என்பதைத் தவிர அவள் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

தெருமுனையில் கம்பத்தின் மேல் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியில் ஆள் இல்லை. அடியில் நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். "ஒயரைத் தொடாதீங்க" என்று கத்தினாள். ஓடி வந்த இரைப்பில் அது யாருக்கும் சரியாக விளங்கவில்லை.

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நடுவில் அவர். கையில் ஒரு பாறாங்கல். ஏணிக்கால் சேற்றில் வழுக்கியதாம், பாதி ஏறியவர் முட்டுக்கொடுக்கக் கீழே இறங்கியிருக்கிறார். அவ்வளவுதான். சேறு வழுக்கவில்லை என்றால் அவர் கை இந்நேரம் கம்பியில் இருந்திருக்கும்.

அவளைப் பார்த்து அவர் சிரித்தார். சாப்பாடு கொண்டு வந்தியா என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மெயினை இறக்கியாகிவிட்டது, கம்பி இப்போது வெறும் கம்பி. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். கூட வேலை செய்கிறவர்களுக்கு முன்னால், வேடிக்கை பார்க்க நின்ற தெருக்காரர்களுக்கு முன்னால், லைன்மேன் பெண்டாட்டியே இப்படிப் பண்ணினாள் என்று மானம் போக வேண்டாம். அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. ஆனால் நாளைக்கும் இவர் ஏறுவாரே, நாளை மறுநாளும் ஏறுவாரே.

"லைன்ல இவ்வளவு நேரம் கரண்ட் இருந்துச்சுங்க" என்றாள். "நம்ம வீட்டிலேருந்து. மெயினை நான்தான் தூக்கி வச்சிருந்தேன்."

மிச்சத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கூட இருந்தவர்கள் ஏணியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். அவர் ஒரு கத்து கத்துவார் என்று அவள் நின்றாள். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கல்லைக் கீழே போட்டுவிட்டு, வெட்டிக் கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கம்பியைத் தொடுவதற்கு முன்னால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரு செயினை மாட்டி, அதைத் தரையோடு இணைத்துவிடுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும். ஊருக்கெல்லாம் இதைப் பாடமாகச் சொல்கிற மனுஷன் அவர். அந்தச் செயின் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

"ஏன் மாட்டலை?" என்று கேட்டாள்.

அவர் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுந்து தொங்குற கம்பியில மூணே வீடு" என்றார். "வாத்தியார் வீடு பூட்டிக் கிடக்கு. தையல்காரர் தனி ஒயர்ல ஓட்டுறார்னு விசாரிச்சேன். மூணாவது நம்ம வீடு. நீதான் இருக்கியே, மெயின் இறங்கித்தான் இருக்கும்னு..."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு சேலை நன்றாயிருக்கிறது என்றுகூட வாய்விட்டுச் சொல்லாதவர். அவர் அவளை இந்த அளவுக்கு நம்பியிருக்கிறார் என்பது அவளுக்குத் தெருமுனையில், சேற்றுக்காலோடு நிற்கும்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றாள். ஊர் பார்க்கிறதே என்ற கூச்சமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"வீட்டுல என்னை எவ்வளவு வேணும்னாலும் நம்புங்க" என்றாள். "கம்பத்துல ஏறிட்டா என்னை நம்பாதீங்க. நான் யாரோ, நீங்க யாரோ. நம்பினா நான் தாலியறுத்துட்டு நிக்கணும்."

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். சரி என்றார்.

இதற்குள் வேர்க்க விறுவிறுக்கத் தையல்காரர் வந்து சேர்ந்தார். விஷயம் புரிந்ததும் அப்படியே தரையில் குந்தி, தலையில் கை வைத்துக்கொண்டார். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தி மட்டும், பழக்க தோஷம், அப்ப இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மெதுவாகக் கேட்டாள். ஆகிற நேரம் ஆகட்டும் என்றாள் கரண்ட்டம்மா. இத்தனை நாளில் அவள் தெருவுக்குச் சொன்ன பதில்களில் அதுதான் சின்னது.

ஏணிக்குக் கல் வைத்தார்கள். அவர் பையைத் திறந்து செயினை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். கீழே ஒருத்தர் அதன் ஒரு நுனியை மண்ணில் அடித்த கம்பியோடு முறுக்கினார். அதற்கப்புறம் அவர் நீளக் கழியால் ஒவ்வொரு கம்பியிலும் கொக்கியை மாட்டினார். முடித்துவிட்டு அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேலையைத் தொடங்காமல், மேலேயிருந்து அவளைப் பார்த்தார். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்தாள். மண்ணில் இருந்த முறுக்கைக் குனிந்து கையால் இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் தலையை ஆட்டினாள்.