டில்லி கார்வரின் இரண்டாம் தாவல்

நாலு வருஷம் சினிமாவில் உருண்டு புரண்டும் டில்லி கார்வரின் முகத்தை ஒரு ஜனமும் பார்த்ததில்லை. முதுகைப் பார்த்திருக்கிறார்கள். மாடியிலிருந்து விழுகிற முதுகு, குதிரையிலிருந்து உருளுகிற முதுகு, எரிகிற ஓட்டலிலிருந்து குதிக்கிற முதுகு. தலையில் நட்சத்திர நடிகையின் முடி நிறத்தில் ஒரு விக். முகம் மட்டும் அந்த அம்மாளுடையது. அதைத் தனியாக, நாற்காலி போட்டு, நோகாமல் எடுத்துக்கொள்வார்கள். பட்ட அடிகளைவிட டில்லிக்கு இதுதான் அதிகம் வலித்தது.

இந்தப் படத்தில்தான் விடிந்தது. தந்தி ஆபீஸ் பெண்ணாக அவளே நடிக்கிறாள். வில்லன் சரக்கு ரயிலின் பின்பெட்டியைக் கழற்றிவிடுவான். அதன் கூரையில் ஓடிவந்து, அகன்றுகொண்டே போகிற இடைவெளியைத் தாண்டி, முன்பெட்டியின் கூரையில் அவள் குதிக்க வேண்டும். கேமரா முன்பெட்டி மேல், அவள் வருவதைப் பார்த்தபடி. முகம் முழுசாக விழும் என்று டைரக்டர் டன்லப்பே வாக்குக் கொடுத்திருந்தார். அன்று காலை டில்லிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பயமெல்லாம் இல்லை, குஷிதான்.

கேமராக்காரன் ஓரின் பெக். கையால் சுழற்றிப் படம் பிடிக்கிற காலம் அது. வண்டி நிதானமாகத்தான் ஓடும். கைப்பிடியை மெதுவாகச் சுழற்றினால் திரையில் அதே வண்டி பறக்கும். வேகமாகச் சுழற்றிவிட்டாலோ எல்லாம் தலைகீழ், ஓடுகிறவனும் மிதப்பான். தாளம் தப்பாமலிருக்க ஓரின் தேவாலயப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே சுழற்றுவான். அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு: டைரக்டர் நிறுத்தச் சொல்லும்வரை, யார் விழுந்தாலும் கை நிற்கக் கூடாது. உயிரைப் பணயம் வைத்து விழுந்தவரின் பாடு வீணாகலாமா? முன்பொரு முறை டில்லியின் தோள் எலும்பு முறிந்தபோது ஓரினின் கை அரைச் சுற்றுகூடத் தவறவில்லை. அதற்காகவே அவள் கட்டுப் போட்ட கையோடு போய் அவனுக்கு ஒரு பெட்டி சுருட்டு வாங்கிக் கொடுத்தாள்.

எலுமிச்சைத் தோப்புகளுக்கு நடுவே ரயில் நகர்ந்தது. பக்கத்து மண் சாலையில் லாரியில் நின்றபடி டன்லப் குரலைப் பெரிதாக்கும் தகரக் குழாயில் கத்தினார். டில்லி ஓடினாள், தாவினாள். முன்பெட்டியின் விளிம்பில் ஒரு கால் சர்ரென்று வழுக்கியது. முழங்கை இரண்டையும் கூரையில் அடித்து ஊன்றி, இழுத்துப்பிடித்து ஏறி, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்த வழுக்கலும் சிரிப்பும் கேட்டாலும் கிடைக்காது. லாரியில் டன்லப் தொப்பியைத் தூக்கி எறிந்து குதித்தார்.

அப்போதுதான் அவள் ஓரினைப் பார்த்தாள். வாய் பிளந்திருந்தது. கை கைப்பிடியை விட்டு அந்தரத்தில் நின்றது.

தாவல் படத்தில் விழவில்லை என்று தெரிந்ததும் டன்லப் கீழே கிடந்த தொப்பியை ஏறி மிதித்தார். மதியத்துக்குள் எஞ்சின் எலுமிச்சைப் பெட்டி இழுக்கத் திரும்பிப் போயாக வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்றார். அதுவும் கெட்டால் ஒரு ஆம்பளைக்கு விக் வைத்து முதுகுப் பக்கமாக எடுத்து முடித்துவிடுவாராம். முதுகு என்றதும் டில்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்பெட்டியை மறுபடி தள்ளிச் சேர்க்கிற நேரத்தில் ஏணியில் ஏறி நேரே ஓரினிடம் போனாள்.

"நாலு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். கை செத்தா போச்சு உனக்கு?"

"வழுக்கினியே," என்றான் அவன்.

"அன்னைக்கு எலும்பே முறிஞ்சுது. அப்ப மட்டும் ஜோரா சுத்தினே?"

ஓரின் லென்ஸைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். "அப்ப உன்னை எனக்குத் தெரியாதே, டில்லி."

வாய் நிறைய வைத்திருந்த திட்டெல்லாம் அவளுக்கு எங்கேயோ போய்விட்டது. கொஞ்ச காலமாகவே மதியச் சாப்பாட்டில் அவன் பங்கு ஊறுகாய் வெள்ளரிக்காய் அவள் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவனுக்குப் புளிப்பு ஆகாது போலிருக்கிறது என்று நினைத்திருந்தாளே, மண்டு! காது சூடானது. ஆனால் அதற்காக முகத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

"சரி, கண்ணை மூடிக்கிட்டுச் சுத்து," என்றாள்.

"கண்ணை மூடிக்கிட்டா? நான் கேமராக்காரன்."

"கேமராவைக் கயிறு போட்டுக் கட்டியாச்சு. அது என்னைப் பாத்துக்கும். நீ பாட்டைப் பாடு, கையை மட்டும் விட்றாதே."

ரயில் மறுபடி நகர்ந்தது. டில்லி கூரையில் ஓடிவரும்போது எதிரே ஓரின் கண்களை இறுக்க மூடி, உதடுகள் படபடக்கச் சுழற்றிக்கொண்டிருந்தான். தாவினாள். இந்தத் தடவை கால் வழுக்கவில்லை. பூனை போல இறங்கி, தலையை நிமிர்த்திச் சிரித்தாள். டன்லப் நிறுத்தச் சொல்லிக் கத்தியும் ஓரின் நிறுத்தவில்லை. அவளே போய் அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் எல்லோரும் இருட்டறையில் உட்கார்ந்து அந்தத் துண்டைப் போட்டுப் பார்த்தார்கள். டன்லப் திட்டத்தான் வாயைத் திறந்தார். ரயில் பறக்கவில்லை. புகை சோம்பேறித்தனமாக ஊர்ந்தது. பின்பெட்டியின் விளிம்பிலிருந்து டில்லி கிளம்பினாள், கிளம்பியவள் இறங்கவே இல்லை. கைகளை விரித்து, பாவாடை மெல்ல மெல்ல விரிய, கீழே இடைவெளி அகன்றுகொண்டே போக, காற்றில் மிதந்து வந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது. நெற்றி வியர்வையும் மூக்கின் மேலிருந்த மச்சமும் கூடத் தெரிந்தன. அறையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. டன்லப் திறந்த வாயை மூடிக்கொண்டு, இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

ஏன் இப்படி வந்தது என்று மற்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். டில்லிக்குத் தெரியும். தேவாலயப் பாட்டு நேற்று அந்த மனுஷன் வாயில் குதிரை ஓட்டமாக ஓடியிருக்கிறது, கையும் கூடவே பறந்திருக்கிறது. அவன் எவ்வளவு பயந்தானோ அவ்வளவு நேரம் அவள் காற்றில் நிற்கிறாள். இப்படி ஒருத்தன் தனக்காக நடுங்குவான் என்று அவள் நினைத்ததே இல்லை.

பக்கத்தில் திரும்பினாள். ஓரின் இங்கேயும் கண்களை இறுக்க மூடி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"கண்ணைத் திற, ஓரின்," என்றாள். "நான் வந்து சேந்தாச்சு."