ஆயிரத்து இருநூறைத் தாண்டிய வீரபாகு

வீரபாகுவுக்கு ஆரணியில் பட்டுக்கடை உண்டு, முள்ளிப்பட்டில் அவருக்காக ஓடும் தறிகள் உண்டு, தன்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயமும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஆன்லைன் செஸ்ஸில் ஆயிரத்து இருநூறு என்கிற ரேட்டிங்.

ஒரே ஒரு தடவை, போன தை மாதம், எதிராளிக்கு நெட் போன புண்ணியத்தில் அதைத் தொட்டுவிட்டார். தொட்ட கையோடு பட்டு வியாபாரிகள் சதுரங்கக் கழகத்தைக் கூட்டினார். அதற்கு அவர்தான் தலைவர். "ஆயிரத்து எரநூறுக்குக் கீழ இருக்கறவன் இனிமே தலைவரா இருக்கக் கூடாது. கழகத்துக்கு ஒரு மரியாத வேணாமா?" என்று விதி போட்டார். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! எதிர்க்கடை குமரேசனுக்கு அந்த நாற்காலிமேல் ஒரு கண். அவர் அப்போது ஆயிரத்து நூறில் கிடந்தார். அவர் காலை வாருவதற்கென்றே போட்ட விதி அது.

தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா? மறுநாளே வீரபாகு வழுக்கி விழுந்தார். அதற்கப்புறம் ஆயிரத்து நூற்றைம்பதுக்கு ஏறுவதும், ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு வரைக்கும் போய்ப் பார்ப்பதும், திரும்பச் சறுக்குவதுமாகவே மாதங்கள் ஓடின. ஆடி மாதம் கழகத்தின் ஆண்டுப் போட்டி. எல்லார் ரேட்டிங்கையும் பெரிய திரையில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். குமரேசனோ முக்கி முனகி ஆயிரத்து இருநூறைத் தாண்டி ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார்.

வீரபாகு ஆடுகிற அழகைச் சொல்ல வேண்டும். நாலாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே அனுப்பிவிடுவார். குதிரையும் யானையும் வீட்டில் தூங்கும், ராணி மட்டும் ஊரெல்லாம் அலைந்து அடிபட்டுச் சாகும். தோற்றதும் போனைத் திட்டுவார், டவரைத் திட்டுவார், "பிரேசில்காரன் டயத்த இழுத்து இழுத்து பேஜார் பண்றான்" என்று எவனோ ஒருவனைத் திட்டுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கழகச் செயலாளர் ஜினகுமார், தேசூர்ப் பக்கத்து மனிதர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "தோத்த ஆட்டத்தத் திரும்பப் போட்டுப் பாருங்க. எங்க சறுக்குதுன்னு தெரியும். வேற வழியே இல்லீங்க."

"தோத்தத எவன்யா திரும்பப் பாப்பான்?" என்று வீரபாகு எழுந்து போய்விட்டார்.

வழி அவருக்குக் கடையிலேயே கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்தபடி அடுக்கியிருந்த சேலைகளைப் பார்த்தார். ஒரு சேலைக்குக்கூட அவர் தறியில் உட்கார்ந்ததில்லை. ஆனால் எல்லாவற்றிலும் அவர் கடைப் பேர்தானே இருக்கிறது? பாவும் பட்டும் கொடுத்தால் முள்ளிப்பட்டில் நெய்து கொடுக்கிறார்கள், பேர் முதலாளிக்கு. காலகாலமாக நடக்கிற தொழில்முறை. செஸ்ஸுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனார். அவருடைய நெசவாளி திருமலை செஸ் நன்றாக ஆடுவான் என்று ஊரில் பேச்சு.

"திருமல, பாவு இந்தா. கூடவே இன்னொண்ணு" என்று தன் செஸ் கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுத்தார். "போட்டி வர்றதுக்குள்ள ரேட்டிங்க ஏத்திக் குடுத்துடணும்."

திருமலை தலையைச் சொறிந்தான். "ஆவணிக் கல்யாணத்துக்கு நீங்க சொன்ன சேலையே மலை மாதிரி கெடக்குதுங்க மொதலாளி. எத நான் பாக்கறது?"

"அட, சேலையில பாதிய பவர்லூமுக்குத் தள்ளிடு. கைத்தறின்னு லேபிள் ஒட்டினா கைத்தறிதான். கட்றவளுக்கு இன்னா தெரியப்போவுது? ஜல்தியா வேல முடியணும், அவ்ளோதான்."

திருமலை சரியென்று தலையாட்டினான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! ரேட்டிங் விறுவிறுவென்று ஏறியது. ஆயிரத்து இருநூறைத் தாண்டியது, முந்நூறைத் தாண்டியது, நிற்காமல் ஐநூறுக்குப் போய்விட்டது. வீரபாகுவின் நடையே மாறிப்போனது. டீக்கடையில் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு எடத்துலயே நின்னுட்டோம்னு பயப்படக் கூடாதுப்பா. பொறும வேணும். ராணிய அவசரப்பட்டு வெளிய அனுப்பக் கூடாது" என்று உபதேசம் செய்தார். குமரேசன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த வீரபாகுவுக்கு வயிறு குளிர்ந்தது.

மனைவி திலகவதிக்கும் அந்தக் குஷியில் ஒரு சேலை வந்தது. "திருமலகிட்ட தனியா சொல்லி உனக்குன்னே நெய்ய வச்சது. சுத்தமான கைத்தறி" என்றார். திலகவதி சேலையைப் புரட்டிப் பார்த்தாள். திரும்ப மடித்து வைத்துக்கொண்டாள்.

போட்டியன்று கல்யாண மண்டபத்தில் ஊர்ப் பட்டு வியாபாரிகள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். திலகவதி அந்தப் புதுச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் தலைவர் நாற்காலி. வீரபாகு சால்வையைச் சரிசெய்துகொண்டு அதில் நிறைந்து உட்கார்ந்தார். ஜினகுமார் திரையில் ஒவ்வொருவர் கணக்காகத் திறந்தார். குமரேசன் பேர் வந்தது, கைதட்டினார்கள். அடுத்து வீரபாகுவின் கணக்கு.

ரேட்டிங் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு பட்டை. ஜினகுமார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "விதிய மீறி கம்ப்யூட்டர் உதவியோட ஆடினதால இந்தக் கணக்க மூடிட்டாங்கன்னு போட்டிருக்குதுங்க."

குமரேசன் சிரித்த சிரிப்பு மண்டபத்துக்கு வெளியே கேட்டிருக்கும். வீரபாகுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். அவர் போனை எடுத்தார். தான் குற்றமற்றவன் என்று நாலு பேர் கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரையும் போட்டு, அதை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"டேய் திருமல! இன்னாடா பண்ணித் தொலச்ச? உன்ன நம்பித்தானடா ஆடக் குடுத்தேன்?"

திருமலையின் குரல் மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது. "நான் எங்கங்க ஆடினேன்? தறிய விட்டு எழுந்திருக்க நேரமில்ல. போன்ல ஒரு ஆப் இருக்குது, அது சொன்னத அப்படியே போட்டுகினு இருந்தேன். நீங்கதான மொதலாளி சொன்னீங்க? சேலைய பவர்லூம்ல ஓட்டிட்டு கைத்தறின்னு லேபிள் ஒட்டு, எவளுக்கு இன்னா தெரியப்போவுதுன்னு. இதுக்கும் அதே கணக்குதான்னு நெனச்சேங்க."

வீரபாகு கண்ணை மூடிக்கொண்டார். இப்போது கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பார்கள் என்று காத்திருந்தார்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. குமரேசனின் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிருந்தது. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் செருப்பைத் தேடினார். முன்வரிசையில் பெண்கள் எல்லாரும் கட்டியிருந்த சேலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தங்கள் புருஷன்மார்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன மொதல்ல வைங்க வீரபாகு, போன வைங்க!" என்று குமரேசன் பதறினார். வைத்ததும் அவரே மேடையேறி மைக்கைப் பிடித்தார். "கம்ப்யூட்டர் போடறது எதையெல்லாம் நம்பறது? ரேட்டிங்காவது ஒண்ணாவது! அந்த விதியே வேணாம். வீரபாகுவே தலைவரா இருக்கட்டும். இந்தப் பேச்ச இதோட உட்ருவோம்." வியாபாரிகள் இவ்வளவு ஒற்றுமையாகக் கைதூக்கி அந்த மண்டபம் பார்த்ததில்லை. ஜினகுமார் மட்டும் கைதூக்கவில்லை.

ஆக, எந்த நாற்காலிக்காக இத்தனை பாடும் பட்டாரோ அது கிடைத்துவிட்டது. சால்வையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்ததும் திலகவதி சேலையை மாற்றிக்கொண்டு வந்து, அதை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"திலகா, அந்த திருமல பய..."

"நெசவுக்காரர் வூட்ல பொறந்தவ நான். பின்பக்கத்தத் திருப்பிப் பாத்தா தெரியாதா எனக்கு? குடுத்த அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

வெட்கம் என்றால் என்னவென்று வீரபாகுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மைக்குக்கு முன்னால் வராத வெட்கம். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போனை எடுத்துப் புதுக்கணக்கு ஒன்றைத் திறந்தார். உங்கள் ஆட்டம் எப்படி என்று அது கேட்டது. புதியவர், சுமார், நன்றாக ஆடுபவர், கைதேர்ந்தவர். பழக்கதோஷத்தில் அவர் விரல் கடைசிக்குப் போயிற்று.

திலகவதி பார்த்துக்கொண்டே நின்றாள். வீரபாகு விரலை மெதுவாக மேலே கொண்டுவந்து, 'புதியவர்' என்பதில் வைத்து அழுத்தினார்.